குழந்தைகளுக்காக ஒரு கார் ராலி: பதிவு செய்வதற்கு முன்பும் வீடு திரும்பிய பின்பும்

குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காக நடக்கும் கார் ராலியை வேகப் பந்தயம் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் முதல் நாளிலேயே ஏமாந்துபோகிறார்கள். பொதுச் சாலையில், மற்ற வாகனங்களுக்கு நடுவே, சாலை விதிகளுக்கு உட்பட்டு ஓட்டப்படும் இந்த ராலிகளில் முந்தி வருபவருக்குப் பரிசு கிடையாது. பல ராலிகளில் அவருக்குத் தண்டனைப் புள்ளிகள்தான் விழும். கார், வழி, பரிசு ஆகிய மூன்றுமே பணம் திரட்டுவதற்கான ஒரு சாக்கு. திரட்டிய பணம் எந்த வழியாகக் குழந்தைகளிடம் போய்ச் சேருகிறது என்பது தெளிவாகத் தெரிந்தால், மற்ற ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம். அது தெரியாவிட்டால், எவ்வளவு நன்றாகக் கார் ஓட்டினாலும் அது ஒரு சுற்றுலா மட்டுமே.

எந்த ராலி?

மிக எளிய வடிவம், காலையில் கிளம்பி மாலைக்குள் முடிந்துவிடும் நேர-வேக-தூர ராலி, அதாவது ஒவ்வொரு பகுதியையும் கொடுத்த சராசரி வேகத்தில், குறித்த நேரத்தில் கடக்க வேண்டிய ராலி. முதன்முறை கலந்துகொள்பவர்கள் இதில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் சொந்தக் காரையே பயன்படுத்தலாம், விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, செலவும் கைக்கு அடங்கும். இந்தியாவின் பல நகரங்களில் நீண்டகாலமாக நடந்துவரும் ஒரு வகையில், பார்வையற்றவர் பிரெய்ல் எழுத்தில் உள்ள குறிப்புகளை விரலால் படித்து வழி சொல்ல, அதைக் கேட்டு இன்னொருவர் ஓட்டுகிறார். பார்வையற்ற மாணவர்களும் இப்படி வழி சொல்கிறார்கள். குழந்தைகளை உதவி பெறுபவர்களாக மட்டும் நிறுத்திவிடாமல் ஆட்டத்திலேயே சேர்த்துக்கொள்வதால், என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் நேர்த்தியான வடிவம்.

பல நாள் ராலிகள் வேறு உலகம். ஆஸ்திரேலியாவில் தொழிலதிபர் டிக் ஸ்மித் 1985-இல் பர்க் என்ற ஊரிலிருந்து பர்க்டவுன் வரை பழைய கார்களில் நண்பர்களை அழைத்துச் சென்றதில் தொடங்கிய வெரைட்டி பாஷ், நோயாலும் உடற்குறையாலும் வறுமையாலும் அவதிப்படும் குழந்தைகளுக்காக வெரைட்டி அமைப்பு நடத்தும் பணிகளுக்கு இன்றும் நிதி திரட்டுகிறது. பிரான்சில் 1997-இல் தொடங்கிய 4எல் டிராஃபியில் மாணவர்கள் ரெனோ 4 கார்களில் மொராக்கோவின் பாலைவனத்திற்குச் செல்கிறார்கள். போகும்போது அங்குள்ள குழந்தைகளுக்கான பள்ளிப் பொருள்களையும் ஏற்றிச் செல்கிறார்கள். 2003-இல் தொடங்கிய, இங்கிலாந்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவுக்குப் போகும் பிளைமவுத்-பஞ்சுல் பயணத்தில் காரே நன்கொடை: காம்பியாவை அடைந்ததும் கார்கள் ஏலத்தில் விடப்பட்டு, அந்தத் தொகை உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள கார்களையே கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. 2004-இல் தொடங்கிய மங்கோல் ராலியில் சிறிய என்ஜின் கொண்ட காரில், வழித்துணை வண்டி ஏதுமின்றி ஆசியாவைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் பதிவுக் கட்டணத்திற்கு மேல் ஆயிரம் பவுண்டாவது தொண்டுக்குத் தனியே திரட்ட வேண்டும்.

ஆக, ஒன்றில் நுழைவுக் கட்டணத்தின் மிச்சம் உதவியாகிறது, இன்னொன்றில் பங்கேற்பவர் திரட்டும் நன்கொடை, மற்றொன்றில் பொருள், வேறொன்றில் கார். நீங்கள் சேரப்போகும் ராலி இவற்றில் எதைச் சார்ந்தது என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அதைப் பொறுத்தே மாறும்.

பணம் போகும் வழி

ஏற்பாட்டாளருக்கு எழுத்து மூலமாகவே கேள்விகளை அனுப்புங்கள். பதிவுக் கட்டணத்தில் எவ்வளவு நிகழ்ச்சிச் செலவுக்குப் போகிறது, எவ்வளவு குழந்தைகளுக்கு? நன்கொடையாளர் தரும் பணம் நேரே தொண்டு அமைப்பின் கணக்கில் விழுகிறதா, அல்லது ஏற்பாட்டாளரின் கணக்கில் தங்கிப் பிறகு போகிறதா? கடந்த முறை திரட்டியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, அதைக் கொண்டு என்ன செய்யப்பட்டது? நேர்மையாக நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல, இரண்டு நாளில் பதில் வந்துவிடும். “வருமானத்தின் ஒரு பகுதி குழந்தைகளுக்கு” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்பவரிடம் அந்தப் பகுதி எத்தனை விழுக்காடு என்று மறுபடியும் கேளுங்கள்; அப்போதும் எண் வராவிட்டால் வேறு ராலியைத் தேடுங்கள்.

மறுமுனையிலிருந்தும் சரிபார்க்க வேண்டும், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. உதவி பெறப்போவதாகச் சொல்லப்படும் குழந்தைகள் இல்லத்தையோ மருத்துவமனையையோ அறக்கட்டளையையோ நீங்களே தொடர்புகொண்டு, இந்த ராலியைப் பற்றி அவர்களுக்குத் தெரியுமா, தங்கள் பெயரைப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்களா, முந்தைய ஆண்டுப் பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பா, தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நிர்வாகச் செலவே இல்லை, ஒவ்வொரு காசும் குழந்தைக்கே என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பைக் கண்டால் நான் சற்றுத் தயங்குவேன். கணக்கு எழுத, பணியாளர்களின் பின்னணியைச் சரிபார்க்க, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளப் பணம் தேவை. அதை வெளிப்படையாகச் சொல்பவரை நம்புவது எளிது.

நிதி திரட்டத் தொடங்கும்போது ஒரு கோட்டை அழுத்தமாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பயணச் செலவு உங்களுடையது, நன்கொடை குழந்தைகளுடையது. பெட்ரோல், தங்குமிடம், விசா, பழுதுபார்ப்பு ஆகியவற்றை உங்கள் சட்டைப் பையிலிருந்தோ, அதற்கென்றே பணம் தர முன்வரும் நிறுவனத்திடமிருந்தோ பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தில் ஊர் சுற்றிவருவது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைவிட மோசம், ஏனென்றால் இங்கே பிள்ளையாருக்குக்கூடத் தேங்காய் போய்ச் சேர்வதில்லை. செலவை ஏற்கும் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம், நன்கொடையாளர்களுக்கு வேறு கடிதம் என இரண்டாக எழுதினால் குழப்பம் வராது.

கேட்கும்போது எண்ணோடு கேளுங்கள். “உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்பதைவிட, ஒரு குழந்தையின் ஒரு மாத மருந்துக்கு இவ்வளவு, ஒரு சக்கர நாற்காலிக்கு இவ்வளவு என்று அந்த அமைப்பே தந்த விலையைக் காட்டிக் கேட்டால் மனிதர்கள் விரைவாக முடிவெடுக்கிறார்கள். மொத்தத் தூரத்தைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பிரித்து, ஒருவர் தன் பங்குக்குப் பத்துக் கிலோமீட்டரை ஏற்றுக்கொள்ளச் செய்வது இன்னொரு நல்ல வழி. காரின் கதவு, பானட், பின்கண்ணாடியின் மேற்பட்டை ஆகியவற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து விளம்பர இடமாகவும் விற்கலாம். தொடக்கத்தில் நெருங்கியவர்கள் நாலைந்து பேரிடம் சற்றுப் பெரிய தொகையை வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுப் பிறகு பொதுவில் அறிவியுங்கள், ஏனென்றால் காலியான உண்டியலில் முதல் காசைப் போட எவரும் தயங்குவார்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் தொண்டு அமைப்பின் ரசீது நேரடியாகப் போக வேண்டும். வரிச் சலுகை கிடைக்கும் நாடுகளில் அந்த ரசீது இல்லாமல் எதுவும் நடக்காது.

கார்

ஒரு நாள் ராலிக்குச் சொந்தக் கார் போதும், அதற்கென்று எதையும் மாற்ற வேண்டியதில்லை. பல நாள் ராலிக்குப் பழைய கார் வாங்குபவர்கள் அழகைப் பார்க்காமல், போகும் வழியில் உள்ள மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான வண்டியாக வாங்க வேண்டும். உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும் சாதாரண வண்டி, கணினியை இணைத்தால்தான் கோளாறு தெரியும் உயர்ரக வண்டியைவிடப் பல மடங்கு மேல்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியைத் தயார் செய்து, சுமை முழுவதையும் ஏற்றி நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் ரப்பர் பழையதாகிவிட்ட டயர் வெயிலில் நீண்ட தூரம் ஓடும்போது வெடிக்கக்கூடும், எனவே ஸ்டெப்னி உட்பட ஐந்திலும் இந்த எண்ணைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறியதும் அதன் கொதிநிலை குறைந்து, நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ மொறுமொறுப்போ தெரிந்தால் புதிதாகப் போடுங்கள். ஃபேன் பெல்ட், பல்புகள், ஃபியூஸ்கள், கயிறு, ஜாக்கி, அதன் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். மணலில் பலகை இல்லாத ஜாக்கி காரைத் தூக்காது, தானே புதைந்துபோகும்.

கூரையில் பாரம் ஏற்றுவதைத் தவிருங்கள். கனமான பொருள்கள் தாழ்வாகவும் பின்சீட்டை ஒட்டியும் இருந்தால் வளைவில் வண்டி ஆடாது. அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை: கூரையில் அட்டை டைனோசரைக் கட்டிக்கொண்டு கிளம்புவது படத்திற்கு அழகாக இருக்கும், ஆனால் நெடுஞ்சாலைக் காற்றில் அது பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழும். பெயின்ட், ஸ்டிக்கர், துணிப் பொம்மை என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

வழக்கமான வாகனக் காப்பீடுகள் பலவற்றில் பந்தயம், வேகச் சோதனை, வாகனத் தாங்குதிறன் சோதனை ஆகியவற்றுக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கலந்துகொள்வது பொதுச் சாலையில் நடக்கும் வேகமற்ற ராலி என்று விளக்கி, காப்பீடு செல்லும் என்ற பதிலைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்; தொலைபேசியில் “சரி” என்று சொன்னது விபத்துக்குப் பிறகு உதவாது. எல்லை தாண்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கும்போது, போகும் நாடு 1949 ஜெனீவா ஒப்பந்தத்தை ஏற்றதா, 1968 வியன்னா ஒப்பந்தத்தை ஏற்றதா என்று பார்த்து அதற்குரிய படிவத்தைப் பெற வேண்டும். சில நாடுகள் காரைத் தற்காலிகமாகக் கொண்டுவருவதற்குக் கார்னே என்ற சுங்க ஆவணத்தைக் கேட்கின்றன. பிணைத்தொகை கட்டி வாகனச் சங்கத்திடம் வாங்கும் இந்தக் கையேட்டின்படி, கொண்டுபோன காரைத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். அந்தக் காரை அங்கேயே தானமாக விட்டுவிட்டால் பிணைத்தொகை போய்விடும். காரைக் கொடுப்பதே நோக்கமான ராலியில் சுங்க ஏற்பாடு என்ன என்பதை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

வழி சொல்பவரின் வேலை

நேர-வேக-தூர ராலியில் வெற்றி ஓட்டுபவரின் கையில் இல்லை, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நேவிகேட்டரின் மடியில் இருக்கிறது. தொடங்கும் இடத்தில் கொடுக்கப்படும் ரோடு புக்கில் ஒவ்வொரு வரியும் ஒரு திருப்பம். இடப்பக்கக் கட்டத்தில் தொடக்கத்திலிருந்து மொத்தத் தூரமும் முந்தைய திருப்பத்திலிருந்து தூரமும் இருக்கும். நடுவில் சிறு படம். வலப்பக்கம் “பாலம் தாண்டியதும்”, “நீர்த்தொட்டி” போன்ற குறிப்பு. படத்தின் அடியிலுள்ள கரும்புள்ளி நீங்கள் வரும் திசை, அம்புக்குறி போகும் திசை, மற்றக் கோடுகள் நீங்கள் போகக் கூடாத சாலைகள். ஆச்சரியக்குறி ஒன்றிருந்தால் கவனம். மூன்றிருந்தால் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே போக வேண்டிய இடம்.

ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகம் கொடுத்திருப்பார்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்குச் சரியாகப் பத்து மீட்டர், எனவே 18 கி.மீ. பகுதியை 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 28 நிமிடத்தில் போனாலும் 32 நிமிடத்தில் போனாலும் தண்டனைப் புள்ளிகள் ஏறும்; வேகத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பதால், முன்னதாக வருவதற்குப் பல ராலிகளில் கூடுதல் தண்டனை. நீங்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது, அதைக் கண்டதும் நின்று நேரத்தைக் கடத்தவும் முடியாது.

புதியவர்கள் தடுமாறுவது கணக்கில் அல்ல, ஓடோமீட்டரில். ஏற்பாட்டாளரின் காரும் உங்கள் காரும் ஒரே தூரத்தைக் காட்டாது. அதற்காகவே தொடக்கத்தில் ஒரு சோதனைத் தூரம் தருகிறார்கள். புத்தகத்தில் 20.0 கி.மீ. என்றிருக்கும் இடத்தில் உங்கள் கார் 20.6 காட்டினால், உங்கள் மீட்டர் நூற்றுக்கு மூன்று கூட்டிக் காட்டுகிறது, புத்தகத்தின் 47.2 உங்கள் மீட்டரில் ஏறக்குறைய 48.6 ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாதவர் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் முன்பே திரும்பிவிட்டு, சாலையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பார். புத்தகம் முழுவதற்கும் திருத்திய எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே போவது நல்லது. சோதனைத் தூரத்துக்குப் பிறகு டயரை மாற்றினாலோ காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலோ சக்கரத்தின் சுற்றளவு மாறிக் கணக்கும் மாறும். வழி தவறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், சரியாகக் கடந்த கடைசி அடையாளம் வரை திரும்பி வாருங்கள். குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இன்னும் தூரத்திற்கே கொண்டுபோகும்.

நீண்ட பயணங்களில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி ஓட்டுநரை மாற்றுங்கள், இருட்டிய பிறகு பழக்கமில்லாத சாலையில் ஓட்டாதீர்கள். ஒரு நிலையத்தைத் தவறவிடுவதால் நன்கொடை குறையப்போவதில்லை.

குழந்தைகளைச் சந்திக்கும்போது

இந்தப் பகுதியில் அவசரம் காட்டக் கூடாது. வழியில் கூடும் சிறுவர்களுக்குக் கார் ஜன்னலிலிருந்து மிட்டாய், பேனா, பொம்மை வீசுவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். அடுத்த கார் வரும்போது அவர்கள் சாலையின் நடுவே ஓடி வருவார்கள். சக்கரத்திற்கு எவ்வளவு அருகில் வருகிறார்கள் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. பொருள் கொடுப்பதாக இருந்தால் பள்ளியின் அல்லது இல்லத்தின் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, பங்கிடும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

எதைக் கொண்டுபோவது என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ராலியிலும் டிக்கி நிறைய வந்திறங்கும் பொம்மைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் நோட்டுப் புத்தகமோ, சரியான அளவுச் செருப்போ, கழிவறைக் கதவோ இல்லாமல் இருக்கலாம். பொருளை ஊரிலிருந்து சுமப்பதைவிட, போய்ச் சேருமிடத்திலேயே வாங்கினால் சுங்கத் தொல்லை இல்லை, அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம், பழுதானால் மாற்றவும் முடியும். காலாவதியான மருந்து, பயன்படுத்திய துணி, அங்குள்ள மின்சாரத்திற்குப் பொருந்தாத கருவி ஆகியவற்றை ஏற்றாதீர்கள். அவற்றை அப்புறப்படுத்தும் செலவும் அந்த இல்லத்தின் தலையில்தான் விழும்.

படம் எடுப்பதற்குக் குழந்தையின் சம்மதமும் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. நன்கொடை கொடுத்தவர் என்பதால் எவருக்கும் அதில் விலக்கு இல்லை. பெயர், ஊர், நோய் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்து வெளியிடாதீர்கள், படத்தில் இடக்குறிப்பு பதிவாகும் வசதியையும் அணைத்துவிடுங்கள். காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளை வரிசையாக நிறுத்தும் படம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. காரின் படமும் கட்டி முடித்த வகுப்பறையின் படமும் நன்கொடையாளருக்குப் போதும். எந்த அணியினரும் ஒரு குழந்தையோடு தனியே இருக்கக் கூடாது, காரில் ஏற்றிச் சுற்றிக்காட்டக் கூடாது. சந்திப்பையே ஏற்பாடு செய்யாத அமைப்பைக் குறை சொல்லாதீர்கள். குழந்தைகள் இல்லம் காட்சிக்கூடம் அல்ல என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

திரும்பிய பின்பு

இரண்டு வாரத்திற்குள் கணக்கை முடித்துவிடுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் அமைப்புக்குச் சேர்ந்தது, பயணச் செலவை யார் ஏற்றார்கள் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, பணம் கொடுத்த அனைவருக்கும் அனுப்புங்கள். பாதி வழியில் கார் நின்றுபோயிருந்தால் அதையும் எழுதுங்கள், நன்கொடையை எவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வாக்களித்துவிட்டுக் கொடுக்க மறந்தவர்களுக்கு நினைவூட்ட இந்தக் கடிதமே நல்ல சந்தர்ப்பம். ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் என்னவாயிற்று என்று அமைப்பிடம் கேட்டு, இரண்டாவது கடிதமும் அனுப்புங்கள். அடுத்த முறை உங்களுக்குப் பணம் தருவதா என்பதை நன்கொடையாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிதத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

காரைத் தானமாகக் கொடுத்திருந்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தும் பெற்றுக்கொண்டவரின் ஒப்புகையும் வாங்கியிருக்க வேண்டும். ஊருக்கு வந்ததும் பதிவை ரத்து செய்து காப்பீட்டையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எங்கோ ஓடும் அந்த வண்டிக்கான அபராதச் சீட்டுகள் உங்கள் முகவரிக்கு வந்துகொண்டிருக்கும்.